தனி அடுப்பு

படிவத்தில் ஆறாவது கட்டம் அது. ‘துணைவர் பெயர்’ என்று போட்டிருந்தது. இசைவாணி அதில் ‘கோவிந்தம்மாள்’ என்று எழுதினாள்.

யோசித்து எழுதவில்லை. பெயர், பிறந்த தேதி, பதவி, ஓய்வு பெறும் நாள், முகவரி என்று முதல் ஐந்து கட்டங்களையும் எப்படி நிரப்பினாளோ அப்படித்தான் இதையும் நிரப்பினாள். திண்டிவனத்து அலுவலகத்தில் அவளுக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. அதற்குப் பிறகு ஊழியர் காப்பீடு போய் ஓய்வூதியர் காப்பீடு வரும். அதற்கு இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். முப்பத்து நான்கு வருடமாக அடுத்தவர் படிவங்களில் தப்பு கண்டுபிடித்தவளுக்குத் தன் படிவத்தை இன்னொரு தடவை பார்க்கத் தோன்றவில்லை. அப்படி ஒரு அலுப்பு.

மதியம் ஓய்வூதிய வேலைகளைப் பார்க்கும் பூவரசன் காகிதத்தோடு அவள் மேசைக்கு வந்தான். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. துணைவர்னா வீட்டுக்காரரு. நீங்க நாத்தனார் பேரைப் போட்டிருக்கீங்க.”

இசைவாணி பார்த்தாள். அவளுடைய கையெழுத்துதான். அழகாக, அடித்தல் இல்லாமல் இருந்தது.

“நாத்தனார் வர மாட்டாங்களா?”

“இதுல வர மாட்டாங்க மேடம். நீங்க, உங்க வீட்டுக்காரரு. அவ்ளோதான்.”

“வெறுமன வுட்டுட்டா?”

“கருவூலத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. ஒன்னு சார் பேரைப் போடுங்க, இல்லாங்காட்டி ‘இல்லை’ன்னு எழுதுங்க. எப்படி எழுதினாலும் பென்ஷன்ல புடித்தம் ஒன்னுதான்.”

புதுப் படிவத்தை வைத்துவிட்டுப் போனான். இசைவாணி அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இல்லை என்று எழுதுவது சின்ன வேலைதான். ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு மனிதனை ‘இல்லை’ என்று சொன்னால் அவன் செத்துப்போய்விட்டான் என்று அர்த்தம். அப்பாதுரை சாகவில்லை. அதே திண்டிவனத்தில், மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டைக் கணக்கெழுதிக்கொண்டு, வேறொருத்தியோடு பதினெட்டு வருடமாகக் குடித்தனம் செய்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பும் விழுப்புரம் பஸ் அந்த மண்டியைக் கடந்துதான் போகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் சில நாள் அவர் தலை தெரியும். வழுக்கை விழுந்த பிறகு சட்டென்று அடையாளம் தெரிவதில்லை. அவள் விவாகரத்து கேட்கவில்லை. கோர்ட்டுக்கு அலைய வேண்டும், யாரிடமாவது முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒன்றை வெட்டி விடுவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. அதனால் ஊழியர் காப்பீட்டில் அவர் பெயர் அப்படியே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது, அனுமதி கிடைத்தது என்ற செய்தி அவளுடைய போனுக்கு வந்தது. பஸ்ஸில் நின்றபடியே படித்தாள். அத்தனை வருடத்தில் அவரைப் பற்றி அவளுக்கு வந்த ஒரே தகவல் அதுதான்.

கோவிந்தம்மாள் அப்பாதுரையின் அக்கா. தம்பி வீட்டை விட்டுப் போன மறு வாரம், பிள்ளையில்லாத விதவையாக ஒரு மஞ்சள் பையோடு பனமலையிலிருந்து வந்தாள். “நாலு நாளு இருந்து அவனுக்கு புத்தி சொல்லி இட்டுகினு வர்றேன்” என்றாள். நாலு நாள் முடியவே இல்லை. தம்பி வரவில்லை, அக்கா திரும்பிப் போகவில்லை. இசைவாணி விடியற்காலை கிளம்பும்போது டிபன் பாக்ஸ் கட்டித் தயாராக இருக்கும். இரவு ஏழரைக்கு வரும்போது சோறு சூடாக இருக்கும். இருவரும் அப்பாதுரையைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது கோவிந்தம்மாளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினாள். ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “கார்டு இருக்கா?”

மறுநாள் இசைவாணி லீவு போட்டு, முதலமைச்சர் காப்பீட்டுக்குப் பதிய அவளைக் கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். கவுண்டரில் இருந்த பெண், கலைப்பிரியா என்று பெயர்ப் பட்டையில் இருந்தது, ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“குடும்பத் தலைவி கவர்மெண்ட்டு ஸ்டாஃப். இந்தக் கார்டுல இருக்கிற யாருக்கும் இது கிடைக்காதும்மா. பாட்டிக்குத் தனிக் கார்டு எடுத்துகினு, வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று வாங்கிகினு வாங்க.”

“யாரு பாட்டி?” என்றாள் கோவிந்தம்மாள், மூச்சு வாங்கிக்கொண்டே. “எனக்குப் பேரன் எடுத்தது நீ பாத்தியா?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “சாரி ஆயா. தனிக் கார்டுன்னா தனிச் சமையல் இருக்கணும். ஆளு வந்து பாப்பாங்க. ஒரே வீடா இருந்தாலும் அடுப்பு வேற வேறயா இருக்கணும்.”

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் இசைவாணி கணக்குப் பார்த்தாள். ஓய்வூதியர் காப்பீட்டில் அவளைச் சேர்க்க முடியாது, குடும்பம் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டிலும் முடியாது, ஒரே குடும்பம். இரண்டு சட்டமும் சரியாகத்தான் இருந்தன. நடுவில் கோவிந்தம்மாள் முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

தனிக் கார்டுக்கு இருவரும் எழுதிக் கொடுத்ததும் இசைவாணி பின்னறையை ஒழித்தாள். சின்ன சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் வாங்கி வைத்தாள். நாலு பாத்திரம் அடுக்கினாள். ஆள் வருகிற அன்றைக்கு அதில் ஒரு குழம்பைக் கொதிக்க வைத்தால் போதும் என்பது அவள் கணக்கு.

கோவிந்தம்மாள் ஒப்புக்கொள்ளவில்லை.

“தனியாத் தின்றோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. போட்ட பிறகு சேந்து தின்னா அது பொய்யி. பொய்யி சொல்லி வாங்குன கார்டை வெச்சிகினு நெஞ்சைப் பொளக்கச் சொல்றியா? சாமி பாத்துகினு இருக்குது.”

“அண்ணி, ஊருல எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க.”

“ஊருக்கு வால்வு நல்லா இருக்குது. எனக்கு இல்ல.”

அன்றிலிருந்து கோவிந்தம்மாள் பின்னறையில் சமைத்தாள், பின்னறையில் தின்றாள். கதவைச் சாத்துவதில்லை. கூப்பிடுவதுமில்லை. இசைவாணி ஏழரைக்கு வந்து, செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அரிசி கழுவினாள். எத்தனை டம்ளர் தண்ணீர் வைக்க வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. முதல் வாரம் குழைந்தது, இரண்டாம் வாரம் நறுக்கரிசி. காலையில் டிபன் பாக்ஸை எடுக்கச் சமையலறைக்குப் போவாள். அது கவிழ்த்து வைத்தபடியே இருக்கும். மோர் சோற்றை அடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். உடம்பில் இருந்த அசதியை விட, இந்த வயதில் தனக்கு மட்டும் ஒரு ஆழாக்கு அளந்து போடுவதில் இருந்த அசதி பெரிதாக இருந்தது. அப்பாதுரை போன அன்றுகூட அவள் தனக்கு மட்டும் உலை வைத்ததில்லை. அன்று பட்டினி கிடந்தாள், அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் வாசலிலேயே அவளுக்குத் தும்மல் வந்தது. பின்னறையில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டு, புளி கரைத்து, வீடே நெடியாக இருந்தது. கதவருகில் நின்று பார்த்தாள். கோவிந்தம்மாள் கேப்பைக் களியைக் குழம்பில் தொட்டு, கண்ணில் தண்ணீர் வர, மூக்கை உறிஞ்சி உறிஞ்சித் தின்றுகொண்டிருந்தாள். அப்படி ஒரு ருசியோடு அவள் தின்று இசைவாணி பார்த்ததே இல்லை.

இசைவாணிக்கு வயிற்றுப்புண். அந்த வீட்டில் காரம் கிடையாது, புளி கிடையாது. அண்ணிக்கும் அப்படித்தான் பிடிக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். நினைத்திருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அதைப் பற்றி அவள் நினைத்ததே இல்லை. பத்தியம் தனக்கு மட்டும்தான் என்று இருந்துவிட்டாள்; அண்ணியும் பதினெட்டு வருடமாக அதையே தின்றிருக்கிறாள். தான் ஒருத்திக்கு அடைக்கலம் கொடுத்ததாக இத்தனை வருடம் மனசின் ஓரத்தில் ஒரு பெருமை இருந்தது. அது அந்தக் கதவருகிலேயே இறங்கிப் போயிற்று. சத்தமில்லாமல் திரும்பிப் போய்த் தன் அரிசியைக் கழுவினாள்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை காலையில் வழங்கல் அலுவலகத்திலிருந்து நெடுஞ்செழியன் என்பவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் அலைந்த முகம்.

“நாத்தனாரும் நாத்தனாரும் பிரியிறீங்க. சண்டைங்களா?”

“சண்டை போட்டுகினாதான் தனியாப் போவணும்னு ரூல்சு வெச்சிருக்கீங்களா?” என்றாள் கோவிந்தம்மாள்.

“ரூல்சு ஒன்னும் இல்லம்மா. தனியாப் போறவங்க எங்களைப் பாத்ததும் ஒருத்தரை ஒருத்தர் திட்டுவாங்க. நீங்க ரெண்டு பேரும் சும்மா இருக்கீங்களே, அதான் சந்தேகம். கார்டுக்காக அடுப்பை வெச்சிட்டு ஒரே பானையில துன்றவங்க நெறைய.”

ஒரு வார்த்தை அவர் மாற்றி எழுதினால் கார்டு இல்லை. கார்டு இல்லையென்றால் ஆபரேஷன் தள்ளிப் போகும். டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் இரண்டு மாதம் போய்விட்டது.

அவர் முதலில் சமையலறைக்குப் போனார். குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தார். வெளுத்த பாசிப்பருப்புக் குழம்பு. பிறகு பின்னறைக்குப் போய் அங்கே இருந்த மூடியைத் தூக்கினார். உடனே இருமல் பிடித்துக்கொண்டது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

“யம்மா! அங்க இருக்கிறது ஆஸ்பத்திரிச் சாப்பாடு. இங்க கண்ணு எரியுது. இது தனிச் சமையல்தான், வேற சாட்சியே வேணாம்.” எழுதிக்கொண்டே கோவிந்தம்மாளைப் பார்த்தார். “இப்படி மூச்சு வாங்குதே, நெஞ்சுக்கு இவ்ளோ காரம் ஆவுமா?”

“நெஞ்சுக்கும் நாக்குக்கும் நடுவுல சண்டை இல்லீங்க.”

கார்டு வந்தது. ‘குடும்பத் தலைவி: கோவிந்தம்மாள்’ என்று இருந்ததைக் கோவிந்தம்மாள் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். “குடும்பத்துல எத்தினி பேருன்னு போட்டிருக்கான்?” “ஒன்னு, அண்ணி.” “அப்ப சண்டையே வராது.” வி.ஏ.ஓ. சான்று, கலெக்டர் ஆபீசில் போட்டோ, கைரேகை எல்லாம் முடிந்தது. கலைப்பிரியா இந்த முறை ஆயா என்றும் சொல்லவில்லை, ‘அம்மா’ என்றாள். முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு வரச் சொல்லி அடுத்த செவ்வாய்க்குத் தேதி கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம், இனி அண்ணி சமையலறைக்கு வந்துவிடுவாள் என்று இசைவாணி எதிர்பார்த்தாள். பின்னறையில் அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

பூவரசன் அன்றைக்கும் போனில் கேட்டிருந்தான். படிவம் மட்டும் பாக்கி. அவள் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னறை வாசலில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, இதுல ஒரு கட்டம் காலியா இருக்குது. ஒன்னு உங்க தம்பி பேரை எழுதணும். இல்லாட்டி ‘இல்லை’ன்னு எழுதணும்.”

கோவிந்தம்மாள் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். “நீ மொதல்ல இன்னா எழுதுன?” என்றாள்.

“உங்க பேரை எழுதிட்டேன். தெரியாத்தனமா.”

கரண்டி நின்றது. கோவிந்தம்மாள் திரும்பவில்லை. முதுகு மட்டும் மூச்சில் ஏறி இறங்கியது.

“அவன் பேரையே எழுதிக் குடுத்துடு” என்றாள். “பேருதானே. அது இன்னா சோறா கேக்கப்போவுது?”

இசைவாணி முழங்காலில் வைத்து ‘அப்பாதுரை’ என்று எழுதினாள். எழுதும்போது கோபம் வருமா என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. கட்டம் நிரம்பிற்று. காகிதத்தை மடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் அரிசி கழுவ வேண்டும். எழ முடியவில்லை.

“எனக்கும் கொஞ்சம் போடுங்க, அண்ணி.”

“என் கார்டுல உன் பேரு இல்ல.”

“விருந்தாளிக்குக் கார்டு எதுக்கு?”

“வயித்துப் புண்ணுக்காரி நீ. இது உனக்கு ஆவாது.”

“ஒரு வாய்தான்.”

கோவிந்தம்மாள் ஒரு தட்டை எடுத்துக் கழுவினாள். களியை உருட்டி வைத்து, குழம்பை ஊற்றப் போனவள் நிறுத்தி, கரண்டியில் இருந்ததில் பாதியைச் சட்டிக்கே திருப்பி ஊற்றினாள். மீதியை விட்டுத் தட்டை வாசல்படியைத் தாண்டி நகர்த்தினாள்.

“பாத்துத் துன்னு,” என்றாள். “ஜல்தி ஜல்தின்னு முழுங்காத.”