இருநூற்று நாற்பது சலவை

ஒரே சட்டையை நாற்பது நாளில் இருநூற்று நாற்பது தடவை துவைத்த மனிதர் ஒருவர் உண்டு. அதுவும் அந்த நாற்பது நாளில் அதன்மேல் ஒரு பொட்டு அழுக்குகூடப் படாமல். கடைசியில் அந்தச் சட்டைக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் தலைப்புச் செய்தி மட்டுமல்ல, வரி விளம்பரம்வரை படிக்கலாம். அதைப் போட்டுக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றால், காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடலாம். சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் கூடுதல். மற்றதெல்லாம் நடந்தது. நம்பமாட்டேன் என்றவர்கள் ஒவ்வொருவராக நம்பிவிட்டார்கள். கடைசிவரை பிடிவாதமாக நின்றவர் தெருமுனைத் தையல்காரம்மா ஒருவர்தான். அவர் நம்பாததுதான் நம் ஆளுக்குப் பெரிய வினையாகப் போயிற்று.

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பச்சைப்பொட்டு. தையல் மெஷின் செய்கிற கம்பெனியில் உதிரிபாகப் பிரிவு. மெஷினில் ஏதாவது உடைந்தால் வாங்கியவர்கள் கம்பெனிக்கு எழுதுவார்கள். எந்த மாடல், எந்தப் பாகம் என்று பார்த்து, ‘அனுப்பு’ என்று கிடங்குக்குச் சொல்வது அவர் வேலை. பதினாறு வருஷம் அலுவலகத்தில் உட்கார்ந்து அதை ஒழுங்காகத்தான் செய்தார். பிறகு கம்பெனி கட்டடத்தைக் காலி செய்துவிட்டு, இனி அவரவர் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றது.

முதல் மாதம் சரியாக ஒன்பது மணிக்கு, தேய்த்த சட்டையும் ஷூவுமாகப் படுக்கையறை மேஜையில் உட்கார்ந்தார். இரண்டாம் மாதம் மேலே சட்டை, கீழே கைலி. மூன்றாம் மாதம் சட்டையும் போயிற்று. மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டடிதான் தூரம். எத்தனையோ மலைகளை ஏறியவர்கள் உண்டு. அந்த இரண்டடியைத் தாண்டாமல் இருந்தவர் எவரும் இல்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. மூன்று கலர் மையில் கால அட்டவணை எழுதினார். எழுதி முடிக்க ஒரு முழு நாள் ஆனது, அந்த நாளுக்கு அட்டவணையில் இடமில்லை. அரை மணிக்கு ஒரு அலாரம் வைத்தார். தூக்கத்திலேயே அதை அணைக்கும் அளவுக்குக் கை தேர்ந்தது. ஒருநாள் துண்டால் இடுப்பை நாற்காலியோடு கட்டிக்கொண்டார். நாற்காலியோடு சேர்ந்து கட்டிலில் சாய்ந்தார்.

படிக்காத கடிதங்கள் நூறைத் தாண்டியதும் சோம்பல் போய் அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. திறந்தால் எத்தனை நாளாச்சு என்று தெரிந்துவிடுமே. திறக்காதவரை தெரியாது. தெரியாதவரை நிம்மதி. இப்படி ஒரு நிம்மதிக்கு அவர் காலையிலிருந்து மாலைவரை பாடுபட்டார்.

ஆனால் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். ஐந்து நிமிஷம் மௌஸ் அசையாவிட்டால் அவர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப்பொட்டு மஞ்சளாகும். உடனே மேலாளர் போன் போடுவார். “சார், இருக்கீங்களா?” என்பார். அந்தக் குரல் ‘உயிரோட இருக்கீங்களா’ என்பதுபோலவே இருக்கும்.

ஒருநாள் காலுறை தேடிப் போனவர் கையிலிருந்த ஒயரில்லாத மௌஸை வாஷிங் மெஷின் மூடிமேல் வைத்துவிட்டு மறந்துபோனார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பொட்டு வயல் பச்சையில் இருக்கிறது. மெஷினின் நடுக்கத்தில் மௌஸ் நடுங்க, கம்பெனி மொத்தமும் அவர் உழைப்பதாக நம்பிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மௌஸ் விழாமல் இருக்க மனைவியின் பழைய காலுறையால் அதை மூடியோடு கட்டிவிட்டு, நாளுக்கு ஆறு முறை மெஷினை ஓடவிட்டார். வெறும் மெஷின் அவ்வளவாக ஆடாது, துணி வேண்டும். இருக்கிற துணியெல்லாம் உள்ளே போயின, வெளியே வந்தன, காய்ந்தும் காயாமலும் மறுபடி உள்ளே போயின.

மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் கால் கடுக்க வீடு திரும்புகிறவர், கொடி நிறையத் துணியைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

“என்னங்க, இவ்வளவும் நீங்களா துவைச்சீங்க?”

“வீட்லதானே இருக்கேன். வேலைக்கு நடுவுல ஒரு கை போட்டேன்.”

அந்த அம்மாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது. கண்ணைத் திருப்பிக்கொண்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போனார். மறுநாளே மனைவி, என் வீட்டுக்காரர் கம்பெனி வேலையும் பார்த்துவிட்டு வீட்டு வேலையும் பார்க்கிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பக்கத்து வீடுகளில் மற்ற வீட்டுக்காரர்களுக்கு வசவு விழுந்தது.

நாற்பதாவது நாள் வீட்டுத் துணி எல்லாம் ஆவியாகப் பார்த்தது. துண்டு கைக்குட்டையாயிற்று. ஜன்னல் திரை கொசுவலையாயிற்று. போர்வையைப் போர்த்திக்கொண்டால் குளிர் கூடுதலாகத் தெரிந்தது. மனைவி கிழிசலையெல்லாம் ஒரு பையில் திணித்துக்கொண்டு தையல்காரம்மாவிடம் போனார். அரை மணியில் அதே பையோடு திரும்பினார்.

“அந்தக்கா மெஷின் ஓடி இருபத்தாறு நாளாச்சாம். ஷட்டில் உடைஞ்சுபோச்சாம். அதாங்க, ஊசிக்கு அடியில நூல் கொடுக்குமே, அது. கடையில கிடைக்காதாம், கம்பெனிதான் அனுப்பணுமாம். மூணு தடவை எழுதியும் பதிலே வரலையாம்.”

“அப்படியா,” என்றார் அவர்.

“உங்க கம்பெனிதாங்க. என் வீட்டுக்காரர் அங்கதான் இருக்காரு, இடுப்பொடிய உழைக்கிற மனுஷன், அவர்கிட்ட சொன்னா நாளைக்கே வந்துரும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

அன்றுதான் குவியலைத் திறந்தார். நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். தையல்காரம்மாவுடைய மூன்றும் அதற்குள் கிடந்தன. முதல் கடிதத்தில் ‘ஐயா அவர்களுக்கு வணக்கம்’ என்று இருந்தது. இரண்டாவதில் ஐயா இருந்தார், வணக்கம் இல்லை. மூன்றாவதில் ஐயாவும் இல்லை: ‘பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. நாற்பது சீருடை வெட்டி வைத்திருக்கிறேன். கையால் தைக்கிறேன். விரல் வீங்கிவிட்டது. அங்கே யாராவது இருக்கிறீர்களா?’

‘அனுப்பு’ என்று அழுத்த நாற்பது விநாடி ஆனது. இருபத்தாறு நாளையும் அந்த நாற்பது விநாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தான் எவ்வளவு சின்ன ஆள் என்று அவருக்குத் தெரிந்தது.

பட்ட காலிலே படும் என்பது சும்மாவா? மறுநாள் மேலாளர் போன் செய்தார். “சார், நாற்பது நாள்ல ஒரு நிமிஷம்கூட உங்க பொட்டு மஞ்சளாகல. வீட்ல இருந்தே சோர்வில்லாம உழைக்கிறது எப்படின்னு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் நீங்கதான் பேசணும். சான்றிதழும் உண்டு.”

வெள்ளிக்கிழமை மனைவி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து அறை வாசலில் நின்றார். திரையில் முந்நூறு முகங்கள். நம் ஆள் வாயைத் திறந்தார். தயாரித்து வைத்திருந்த பேச்சு ஒரு வரிகூட வரவில்லை. வீங்கிய விரல்தான் கண்ணில் நின்றது.

“சார், அது நான் இல்லீங்க. வாஷிங் மெஷின்,” என்றார். மௌஸ், காலுறை, ஆறு சலவை எல்லாவற்றையும் தலைகுனிந்து சொல்லி முடித்தார்.

முந்நூறு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

“பாத்தீங்களா, இவ்வளவு உழைச்சும் தன்னடக்கம்,” என்றார் மேலாளர்.

சிரிக்காதவர் மனைவி ஒருவர்தான். நேரே வாஷிங் மெஷினிடம் போனார். மூடிமேல் தன்னுடைய காலுறையில் கட்டுண்டு கிடந்த மௌஸைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்து மௌஸை மேஜைமேல் வைத்தார். காலுறையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“தெரு பூரா சொன்னேனே,” என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். “அந்தக்காகிட்ட போங்க. யாரால இருபத்தாறு நாள் போச்சுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. அவங்க நம்பணும். நம்புனாங்கன்னு வந்து சொல்ற வரைக்கும் எங்கிட்ட பேச வேணாம்.”

அந்த வெள்ளி மதியம் உட்கார்ந்தவர் திங்கள் சாயங்காலம் எழுந்தார். நானூற்றுப் பன்னிரண்டும் தீர்ந்தது. மௌஸை வேறொரு காலுறையால் மறுபடி மூடியோடு கட்டி, ஒரு படம் எடுத்து மேலாளருக்கு அனுப்பினார். மேலாளர் அப்போது நம்பினார். சான்றிதழைத் திரும்பக் கேட்டார். இன்னும் ஒரு மாதம் பார்க்கிறேன், அப்புறம் பேசுவோம் என்றார். செவ்வாய்க்கிழமை நம் ஆள் தானே கிடங்குக்குப் போய், இன்னும் அங்கேயே கிடந்த ஷட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு தையல்கடைப் படியேறினார். போட்டிருந்தது அந்தச் சட்டையைத்தான். வேறு எதுவும் முழுசாக இல்லை.

தையல்காரம்மா ஷட்டிலைப் பொருத்தி, சக்கரத்தைச் சுற்றி, ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தார். தையல் நேராக விழுந்தது. பெருவிரல் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

“நல்லா இருப்பீங்க தம்பி. வீட்டுக்காரம்மா சொன்ன மாதிரியே கையோட கொண்டாந்துட்டீங்க.”

“இல்லக்கா. தாமதம் பண்ணதே நான்தான்.” முழுக் கதையையும் சொன்னார். சொல்லச் சொல்லக் காது சுட்டது.

தையல்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். “யாரோ ஒரு சோம்பேறிப் பய பண்ணதுக்கு நீங்க பழியை ஏத்துக்கிறீங்க. எனக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரம்மா எல்லாம் சொல்லிட்டாங்க.”

“அப்போ அவங்களுக்கே தெரியாதுக்கா, சத்தியமா அந்தச் சோம்பேறி நான்தான்.”

“போங்க தம்பி. துணி துவைக்கிற ஆம்பளையே அதிசயம். இதுல கம்பெனியை ஏமாத்தத் துவைச்சேன்னா யார் நம்புவா?”

தன் அவமானத்துக்குச் சாட்சி தேடி அலைய வேண்டிய நிலை எதிரிக்கும் வரக்கூடாது. தன்னைத் திட்டச் சொல்லி அவர் கெஞ்சினார். அந்த அம்மா டீ கொடுத்தார். கடைசியில் வழி தெரியாமல் சட்டையைக் கழற்றி, பனியனோடு நின்று, அதை நீட்டினார்.

“இதைப் பாருங்கக்கா.”

“உழைச்சுத் தேஞ்ச சட்டை,” என்று சொல்லிக்கொண்டே தையல்காரம்மா வாங்கினார். கழுத்துப் பட்டியைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி அக்குளைப் பார்த்தார். அப்புறம், சிரிப்பு மெல்லக் குறைய, கீழ் ஓரத்து மடிப்பை நகத்தால் பிரித்து உள்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மடிப்புக்குள்ளும் அதே நைவு. பொத்தானுக்குப் பின்னால், பையின் அடியில், ஒரு நாளும் உடம்பு படாத இடங்களிலெல்லாம் அதே நைவு. முப்பது வருஷம் துணியைத் தொட்ட விரல் அங்கேயே நின்றது.

“போட்டுத் தேஞ்சா கழுத்துல தேயும். முழங்கையில தேயும்,” என்றார் மெதுவாக. “இது உடம்புல கிடந்து தேஞ்சதில்ல. தண்ணியில கிடந்து தேஞ்சது.”

தையல்காரம்மா சட்டையை மடித்து அவர் கையில் கொடுத்தார். டீ தம்ளரை எடுத்து உள்ளே வைத்தார். திரும்பி வந்து, முதல் தடவையாக அவரை அவராகவே பார்த்தார்.

“நடந்திருக்குது,” என்றார். “போய் உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லுங்க, நான் நம்பிட்டேன்னு.”