சிவசங்கரி இடம் மாற்றிய கோப்புகள்

1

இந்தக் கதை எனக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கிடைத்தது. சொன்னவள் சிவசங்கரி. செராமிக் பொம்மைக் கம்பெனிகளின் சூளைகளைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுகிறவள்.

'சூளையின் செந்தழல் அவள் முகத்தில்...' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அவள் சூளைப் பக்கம் போவதே அபூர்வம்.

2

மென்பொருளின் கோப்புகளெல்லாம் ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடந்தன. ஓரிடத்தில் கை வைத்தால் வேறெங்கோ கெட்டது. சூளைக்குத் தனி, ஆர்டருக்குத் தனி என்று பிரிக்க நினைத்தாள். ஆனால் ஒரு கோப்பு இன்னொன்றை அழைக்கும் 'இம்போர்ட்' வரிகள் ஏராளம். கோப்பு இடம் மாறினால் அவற்றிலெல்லாம் பழைய முகவரிதான் இருக்கும், மென்பொருள் நின்றுபோகும். அவள் ஆபீசில் மூத்தவரான பிரபா கையால் மாற்றப் பார்த்து, பாதியில் விட்டவர்.

"ஓடறத ஏன் நோண்டற சங்கரி? இது வேலைக்கு ஆவாது."

"கையால செஞ்சாதாண்ணா ஆவாது. வரிய மாத்தறதுக்கே ஒரு புரோகிராம் எழுதியிருக்கேன், பாருங்க."

மென்பொருளின் நகலில் ஓட்டினாள். அது ஒவ்வொரு வரியையும் தேடிப்போய்ப் புது முகவரி எழுதியது. மென்பொருள் நிற்காமல் ஓடியது.

3

இங்கே சூளைச் சூடு எகிறி, பொம்மைகள் வெடித்து, முதலாளி தலையில் கைவைத்து...

(படித்துப் பார்த்த சிவசங்கரி, "அப்படிலாம் ஒண்ணும் நடக்கலைங்க" என்றாள். நீக்குகிறேன்.)

கம்பெனிகளில் நிறுவும் முன், நகலில் சூளையின் சூட்டைப் பொய்யாக ஏற்றிப் பார்த்தாள். சூடு மிஞ்சினால் அடிக்க வேண்டிய அபாய மணி அடிக்கவில்லை. கம்பெனியில் இது நடந்திருந்தால் ஒரு சூளைச் சரக்கு முழுக்கப் போயிருக்கும்.

மணியை அடிக்கவைக்கும் கோப்பு எந்த இம்போர்ட் வரியிலும் இல்லை. அதன் பெயரை இரண்டு துண்டாக வைத்து, ஓடும்போது ஒட்டி அழைத்திருந்தார்கள். புரோகிராமின் கண்ணில் அது படவில்லை.

"நான் எழுதுனதுதான். அப்ப அவசரம்" என்றார் பிரபா.

"இருக்கட்டும்ணா. புரியாத எடத்த புரோகிராம் அதுவா மாத்தாம நம்மகிட்ட காட்டட்டும். அப்படி எழுதிடறேன்."

எழுதினாள். அது சந்தேகப்பட்டுக் காட்டிய இடங்களைப் பிரபாவே உட்கார்ந்து திருத்தினார். மறுபடி பொய்ச் சூடு. மணி அடித்தது. பிரபா அதை உடனே நிறுத்தவில்லை; கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

4

கம்பெனிகளில் புது மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறது. (இதோடு முடிக்கலாம். மனசு வரவில்லை.)

இப்போது பிரபாவுக்கு ஆசை வந்துவிட்டது. பழைய பில் மென்பொருளையும் பிரித்துவிடலாம் என்கிறார். "கம்மாபுரத்துல கல்யாணம், போயிட்டு வரேன்ணா" என்கிறாள் சிவசங்கரி. அதற்குள் அவர் தனியாகவே ஆரம்பித்துவிடுவாரா, காத்திருப்பாரா?

எனக்கு இருவரையும் பிடித்துப்போய்விட்டது. நீங்களே சொல்லுங்கள்.