ஏழு மணிக் கோப்பு

நொடிக்குப் பதினோரு மெகாபைட். அதற்கு மேல் நகரவே மாட்டேன் என்று, வாசல் கேமராப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் வீட்டுச் சர்வர் அடம்பிடித்தது. மடிக்கணினித் திரையில் நகலின் பச்சைக் கோடு ஓடுகிறதா, நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளவே அவன் மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. மீதி நேரம் முப்பது மணி என்று காட்டியது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபது. மாலை நாலு மணிக்குள், மாமனார் அடிபட்ட காட்சியை விசாரணை அதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாக வேண்டும்.

பதினாலு நாளைக்கு முன்னால், காலை ஏழு பத்துக்கு, நடந்துவிட்டுத் திரும்பியவரை வீட்டு வாசலுக்கு எதிரிலேயே ஒரு வேன் அடித்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே கிடந்து போய்ச் சேர்ந்தார். வாசல் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். போட்டுப் பார்க்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. அதற்குள் வேன் டிரைவர், "பெரியவர் போனை எடுத்துப் பார்த்துக்கிட்டே குறுக்கே வந்துட்டார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த ஒரு வரி பெரியவரின் மகளை, இவன் மனைவியை, தின்றுகொண்டிருந்தது. சரியாக ஏழு பத்துக்கு, வரும் வழியில் ரொட்டி வாங்கி வரச் சொல்லி அப்பாவைப் போனில் கூப்பிட்டவள் அவள்தான். மணி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"அப்பா பைக்குள்ள கையை விட்டாரா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றாள் வாசல்படியில் நின்றபடி. "கேஸ் எப்படியோ போகட்டும்."

"முழுசா எடுத்துடறேன். அப்புறம் உக்காந்து பார்க்கலாம்."

"அழிஞ்சு கிழிஞ்சு போயிடாதே?"

"முப்பது நாள் இருக்கும். நான்தானே செட் பண்ணினேன்."

மருந்துக்கடை வைத்திருக்கும் மைத்துனன் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். "ஏன் மாமா, அந்த ஏழு மணிது மட்டும் போதாதா?"

"துண்டா குடுத்தா வெட்டி ஒட்டினதும்பாங்க. ரெண்டு வாரத்தையும் அப்படியே குடுத்தா எவனும் வாயைத் திறக்க முடியாது."

"இந்த வேகத்துல போனா, அந்தப் பொட்டியையே தோள்ல தூக்கிட்டு நடந்தே போயிடலாம். முன்னாடியே போய்ச் சேர்ந்துடுவோம்."

அவன் சிரிக்கவில்லை. கம்பெனியில் நூறு பேர் கணினி மந்தமானால் கூப்பிடுவது அவனைத்தான். சொந்த வீட்டில் மானம் போனது. நகலை நிறுத்தினான். அதுவரை வந்து சேர்ந்திருந்ததை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாதபடி அழித்தான். வேலையில் அவன் வழக்கம் அது. பாதி நகலின் மேல் மறுபடி தொடங்கினால், எது முழுசு எது குறை என்று பின்னால் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் சுத்தம். இந்த ஒழுங்குக்காகவே அவனுக்குப் போன வருஷம் பதவி உயர்வு கிடைத்தது.

வைஃபையை அணைத்துக் கேபிளைச் செருகினான். அதே பதினொன்று. நடுவில் இருந்த இணைப்புப் பெட்டியில் கேபிள் செருகும் துளையை மாற்றினான். அதே பதினொன்று. வேகம் பார்க்க, சர்வரில் கிடந்த பழைய சினிமாக் கோப்புகளை மடிக்கணினியில் இறக்கிப் பார்த்தான், அழித்தான், வேறொன்றை இறக்கிப் பார்த்தான். சர்வரின் வட்டு நோயாளியோ என்று பரிசோதித்தால் அது கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. கடைசியில் தவழ்ந்துகொண்டே சுவரோரமாகக் கேபிளைத் தடவிப் போனவன், மாமனார் படுத்திருந்த அறையில் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றான். அவர் போன மறுநாள், அந்த வெறும் கட்டிலைக் கண்ணில் படாமல் வெளியே எடுக்க அவனும் மைத்துனனும் அலமாரியை நகர்த்தியிருந்தார்கள். அதன் இரும்புக்கால் கேபிளின் கழுத்தில் ஏறி நின்றிருந்தது. உள்ளே ஏதோ ஒரு கம்பி அறுந்து, பத்தில் ஒரு பங்கு வேகம்தான் அந்தப் பக்கம் போயிருக்கிறது.

புதுக் கேபிளைத் தரையிலேயே குறுக்காகப் போட்டு, நகலை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டான். நூற்றுப்பத்து.

"நான் சொல்லலை?" என்றான், முட்டி முழுக்கத் தூசியோடு. மைத்துனன் கை தட்டினான். மனைவி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. மணி பத்து நாற்பது.

"அந்த ஏழு மணியைப் போடுங்க. எனக்குப் பயமில்லை."

சர்வரில் கோப்புறையைத் திறந்தான். அடிபட்ட நாளின் முதல் கோப்பு எட்டு மணியிலிருந்து தொடங்கியது. மேலே தள்ளினான். மேலே எதுவும் இல்லை. மூடித் திறந்தான். அதே எட்டு.

அவனுக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. வாசலில் சத்தம் கேட்டாலே மனைவி துள்ளி விழுகிறாள் என்று விபத்துக்கு மறுநாளே, பழையதைவிட இரண்டு மடங்கு இடம் பிடிக்கிற துல்லியமான கேமராக்கள் இரண்டைக் கூடுதலாக மாட்டியிருந்தான். மூன்றுக்குப் போட்ட முப்பது நாள் கணக்கு ஐந்துக்குச் செல்லுமா? வட்டு நிரம்பி, இடம் செய்ய ஆகப் பழைய மணி நேரங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. இன்று காலை ஒன்பதுக்கு ஆறு மணிக் கோப்பும் இருந்தது, ஏழு மணிக் கோப்பும் இருந்தது. அவன் தூசியில் தவழ்ந்துகொண்டிருந்தபோதுதான் இரண்டும் போயிருக்கின்றன.

பிறகு அதைவிட மோசமான ஒன்று புரிந்தது. முதல் தடவை நகல் கால் மணி நேரம் ஓடியது. பழையதுதான் முதலில் வரும். அந்த மெதுவான பதினோரு மெகாபைட்டிலேயே ஏழு மணிக் கோப்பு முழுசாக அவன் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்திருந்தது.

"என்ன மாமா?" என்றான் மைத்துனன்.

'அழித்தேன்' என்ற சொல் நாக்கு வரை வந்து நின்றது. இனி மீட்கவும் வழியில்லாதபடி, அழித்த இடத்தின் மேல் எத்தனை சினிமாவை இறக்கினோம் என்று விரல் தானாக எண்ணிக்கொண்டிருந்தது.

"போடுங்களேன்" என்றாள் அவள்.

எட்டு மணிக் கோப்பைப் போட்டான். வெயில் ஏறிய தெரு. நடுவில் தண்ணீர் ஊற்றிக் கழுவியதில் ஈரமான பெரிய வட்டம். சைக்கிளில் வந்த ஒருவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார். வாசலில் கார் வந்து நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து மாமனாரின் மருந்துச் சீட்டுகளை எடுத்துப் போக ஓடி வந்த அவனே இறங்கினான். கதவைத் தள்ளப் போனவன் நின்றான். தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கண்ணைச் சுருக்கி உறுதி செய்துகொண்டான். பிறகு, எல்லாம் சரி என்பதுபோல் ஒருமுறை தலையாட்டினான்.

அவள் திரையில் இருந்தவனையும் பக்கத்தில் இருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தாள். கீழே பச்சைக் கோடு சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது.