உசக்காக்கின் கூரைப் பனி

அந்த ஜூலையில் ஊர் முழுவதும் பனி உருகியது; உசக்காக்கின் கூரையில் மட்டும் உருகவில்லை. மறுவருடம் அதன்மேல் இன்னொரு அடுக்கு விழுந்தது, அதற்கடுத்த வருடம் இன்னொன்று. அடியில் கிடந்தது மேல்பாரத்தில் நசுங்கி நீலக்கட்டியாக இறுகியது. ஆறாம் வருடம் அது தன் கனத்திலேயே சுவரில் வழிந்திறங்கி, வாசலையும் நாய் கட்டுமிடத்தையும் மூடி, நாளுக்கு ஒரு விரற்கடை கடற்கரைப் பக்கம் நகரத் தொடங்கியது. கிரீன்லாந்தையே மூடிக் கிடக்கும் பெரும்பனியும் இப்படித்தான் உண்டானது என்பதால் ஊரில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. "அண்ணே, மலைக்கு அந்தாண்ட இருக்கிற பெரும்பனி உங்க வீட்ல குட்டி போட்டிருக்கு போல!" என்று கடைவாசலில் சீண்டினார்கள். உசக்காக்கும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போகப் பனியில் வெட்டிய சுரங்கத்துக்குள் குனிந்து நுழைவான்.

காரணம் அவனுக்கு மட்டும் தெரியும். அந்த ஜூலைக்கு இரண்டு மாதம் முன்பு அவனும் கூட்டாளி மீத்தெக்கும் உறைந்த கடல்மேல் ஆளுக்கொரு நாய்வண்டியில் சீல் வேட்டைக்குப் போனார்கள். பனி பாரம் தாங்குமா என்று முன்னால் போகிறவன் இரும்புமுனைக் கோலால் குத்திப் பார்க்க வேண்டும். "குத்திப் பாத்தியாடா?" என்று பின்னாலிருந்து மீத்தெக் கத்தினான். "பாத்துட்டேன், வாடா!" என்றான் உசக்காக். பார்க்கவில்லை. சீல் தப்பிவிடுமே என்ற அவசரம். அவன் வண்டி தாண்டிவிட்டது. பாரம் ஏற்றிய மீத்தெக்கின் வண்டி பனி உடைந்து, அவனோடும் பதினோரு நாய்களோடும் உள்ளே போனது. ஊர் திரும்பியவன், "அவன்தான் முன்னால போனான். குத்திப் பாக்கல," என்றான். எப்படியோ வாயில் வந்துவிட்டது. பிறகு மாற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

செத்தவன் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைத்தால்தான் அவன் ஊருக்குத் திரும்பி வருவான் என்பது அங்கே நம்பிக்கை. பனியைக் குத்திப் பார்க்காதவன் பெயரை எந்தத் தாய் தன் பிள்ளைக்கு வைப்பாள்? ஒன்பது வருடத்தில் ஏழு குழந்தைகள் பிறந்தன, ஒன்றுக்கும் வைக்கவில்லை. மீத்தெக்கின் மனைவி சபினா ஒவ்வொன்றுக்கும் சட்டை தைத்துக்கொண்டு போய், வேறு பெயரைக் கேட்டுவிட்டுத் திரும்புவாள். எட்டாவது, உசக்காக்கின் மகள் தூக்குமெக்குக்குப் பிறந்த பெண் குழந்தை. அங்கே பெயருக்கு ஆண், பெண் கிடையாது. பெயரிடும் காப்பி விருந்தில் சபினா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். உசக்காக் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"முன்னால போனது நான்தான். பாத்துட்டேன்னு பொய் சொன்னேன்," என்றான்.

சபினா அழவில்லை. "ஒன்பது வருஷமா அந்த மனுஷனைத்தானே திட்டினேன்! படுபாவி, ஒரு குத்து குத்திப் பாத்தா கொறைஞ்சா போயிடுவேன்னு, அடுப்பு மூட்டும்போதெல்லாம் திட்டினேனே!"

தூக்குமெக் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கிச் சபினாவின் மடியில் வைத்தாள். "அத்தை, இது மீத்தெக்."

சபினா குழந்தையின் கன்னத்தில் மூக்கை வைத்து மோந்தாள். "வந்துட்டீங்களா? பல்லையெல்லாம் எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்றாள். பிறகுதான் அழுதாள்.

பனி அன்றோடு நகர்வதை நிறுத்தியது, உருகவில்லை. தினமும் காலையில் சபினா கோடரியோடு வந்து தேநீருக்கு ஒரு வாளி வெட்டிப் போகிறாள். வாளியைப் பிடிப்பவன் உசக்காக். இந்தக் கணக்கில் எல்லாம் தீர இன்னும் முப்பத்தெட்டு வருடம் ஆகுமென்று பள்ளி ஆசிரியர் அளந்து சொன்னார். உசக்காக்குக்கு வயது அறுபத்தொன்று. ஒருநாள் இரண்டாவது வாளியையும் நீட்டிப் பார்த்தான்.

"ஒண்ணு போதும்," என்றாள் சபினா. மறுநாளும் வந்தாள்.