ஊமை டோலிக்காரன்

வலது தோள்பட்டை வெந்த கிழங்கு மாதிரி கொழகொழத்துக் கிடந்தது மசுஜிக்கு. எது எலும்பு, எது வீக்கம் என்று தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. காலையிலிருந்து படப்பிடிப்புக்காக மலைப்பாதையில் டோலி சுமந்த தோள். வெயில் சரியில்லை என்று ஒரு தடவை, உள்ளே உட்கார்ந்திருந்த நடிகைக்குத் தும்மல் வந்ததென்று ஒரு தடவை, காகம் குறுக்கே பறந்ததென்று ஒரு தடவை. ஏறிய மலையையே திரும்பத் திரும்ப ஏறியாயிற்று.

மனைவி கயோ கற்பூரத் தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்தாள். நிறைமாத வயிறு இடித்ததால் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் தேய்க்க முடிந்தது.

"முன்தண்டு பிடிக்க வந்த புது ஆள் எப்படி நடக்கிறான்?"

"எங்க நடக்கிறான்? தடுக்கி விழாம இருக்கான், அவ்வளவுதான். அவன் தப்பா அடி வைக்கிறதெல்லாம் என் தோள்ல வந்து இறங்குது."

"தோரா அண்ணன் இருந்தவரைக்கும் உங்களுக்கு இப்படி வீங்கினதே இல்லை."

அது உண்மைதான். குசுமி தோராஜி முன்தண்டு, இவாசே மசுஜி பின்தண்டு. கியோத்தோ ஸ்டூடியோவில் எட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. கத்திச்சண்டைப் படம் எதுவானாலும் யாராவது டோலியில் போகத்தான் வேண்டும். யார் போனாலும் சுமப்பது இவர்கள். இருவரும் தெற்கே க்யூஷூ தீவுக்காரர்கள். மசுஜி நிலக்கரிச் சுரங்கத்தில் கரியை முதுகால் இழுத்து மேலே கொண்டுவந்தவன். தோராஜி மோஜித் துறைமுகத்தில் அதைக் கப்பலில் ஏற்றியவன். "நீ அனுப்பினதைத்தான்டா நான் சுமந்தேன். அப்பவே நீ எனக்குப் பின்தண்டுதான்" என்பான் தோராஜி.

முன்தண்டுக்காரனின் முகம் படத்தில் கொஞ்சம் தெரியும். பின்தண்டுக்காரனுக்கு அந்த பாக்கியமும் இல்லை. ஆனால் தோராஜியை மசுஜி அறிந்த அளவுக்கு எந்தக் கேமராவும் அறிந்ததில்லை. எட்டு வருஷமும் கண்ணுக்கு எதிரே இருந்தது அந்தப் பிடரிதான். பசியோடு இருக்கிற கூலிக்காரன், திருடனுக்குப் பயந்த கூலிக்காரன், உள்ளே இருப்பது பிணம் என்று தெரிந்துகொண்ட கூலிக்காரன், எல்லாவற்றையும் அவன் பிடரியாலேயே நடிப்பான். யாரும் கேட்கவில்லை, யாரும் படம் பிடிக்கவில்லை. இருந்தும் நடிப்பான்.

போன மாதம் ஒசாகாவின் டெலிவிஷன் நிலையம் ஒன்று அவனைக் கூப்பிட்டது. ஸ்டூடியோவின் சட்டம் எல்லாருக்கும் தெரியும்: டெலிவிஷனில் முகம் காட்டினவனுக்கு இந்தக் கேட்டுக்குள் இடமில்லை. "மிட்டாய்க்காரன் சைக்கிள்ல வச்சுக் காட்டுற அட்டைப்படம்டா அது. அதுக்குக் கரண்டு குடுத்திருக்கான், அவ்வளவுதான்" என்று துணைநடிகர் கூடத்து மேஸ்திரி ஒக்குதா சிரித்தார். தோராஜியும் கூடச் சிரித்துவிட்டுப் போனான். மறுநாள் அவன் பெயர்ப்பலகை துணைநடிகர் கூடத்துச் சுவரிலிருந்து இறங்கிவிட்டது.

கயோ தைலத்தை மூடும்போது இழுப்புக் கதவு நகர்ந்தது. தோராஜி. கையில் ஒரு கட்டு முள்ளங்கி ஊறுகாய்.

"தங்கச்சி, இதை நறுக்கு. உன் புருஷன்கிட்ட ஒரு தப்புக் காரியம் கேக்க வந்திருக்கேன். வாயில ஏதாவது இருந்தா உடனே இல்லைன்னு சொல்ல மாட்டான் பாரு."

விஷயம் இதுதான். மறுநாள் ஞாயிறு, மத்தியானம் ஒரு மணிக்கு நாடகம் நேரடியாகப் போகிறது. ரீடேக் கிடையாது, தப்பு நடந்தால் நாடே பார்க்கும். தோராஜிக்கு டோலிக்காரன் வேஷம்தான், ஆனால் முதல் தடவையாக வசனம் இருக்கிறது, பெயரும் போடுகிறார்கள். பின்தண்டுக்கு வந்த நாடகப்பள்ளி மாணவன் ஒத்திகையில் டோலியைக் கீழே போட்டுவிட்டான். உள்ளே இருந்தவர் செய்ஜூரோ, பழைய பெரிய நட்சத்திரம். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டார்.

"அவர் போனா நாடகம் இல்லை. நாடகம் இல்லைன்னா நான் திரும்பவும் மோஜிக்குப் போய்க் கரி ஏத்தணும். இங்கதான் கதவைச் சாத்திட்டாங்களே."

"எனக்கும் சாத்திருவாங்கடா" என்றான் மசுஜி, கயோவின் வயிற்றைப் பார்க்காமல் பார்த்து.

"உன் மூஞ்சி தெரியாது. துண்டை இறுக்கிக் கட்டிக்க, குனிஞ்சுக்க. நடைக்குத் தாளமா கூவுறதைக்கூட நானே பாத்துக்கிறேன். நீ வாயையே திறக்காதே. தோளை மட்டும் குடு."

கயோ ஊறுகாய்த் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "தோளை மட்டும்னா பரவாயில்லை" என்றாள். "வாயைத் திறந்தா நாலு பேருக்குத் தெரியும். ஸ்டூடியோவுல இவர் குரலுக்குத்தானே தவளைன்னு பேர் வச்சிருக்காங்க."

மறுநாள் ஒசாகாவில், நிலையத்தின் அரங்கு ஒரு மீன் கிடங்கு அளவுதான் இருந்தது. தகரப் பாறையும் வரைந்த பைன் மரங்களும் வைத்து மலை என்றார்கள். அதையே டோலி சுற்றிச் சுற்றி வர வேண்டும். விளக்குச் சூட்டில் பசை உருகி மரங்கள் சாய்ந்து நின்றன. செய்ஜூரோ டோலிக்குள் உட்கார்ந்ததும் தண்டு முனகியது. மனிதர் நல்ல கனம். மசுஜியின் தோள் கதறியது.

"கால் தட்டினா மரத்தைப் பிடிக்காதே, பெயிண்ட் காயலை" என்று தோராஜி முணுமுணுத்தான். அதற்குள் ஒளிபரப்பு தொடங்கும் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

முதல் சுற்று நன்றாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில்தான் செய்ஜூரோ பேச வேண்டும்: தம்பியைக் கொன்றது யார் என்று டோலிக்குள்ளிருந்தே சொல்லும் நீளமான வசனம். அவர் பேசி முடிப்பதற்குள் பக்கத்து அரங்கில் கதாநாயகி விதவைக் கோலத்துக்கு மாறிவிடுவாள்.

"என் தம்பி..." என்றார் செய்ஜூரோ.

அதோடு சரி.

டோலி நடந்தது. பைன் மரங்கள் வந்தன, போயின. டோலிக்குள்ளிருந்து மூச்சு மட்டும் கேட்டது. கேமராவுக்குப் பக்கத்தில் டைரக்டர் மியோஷி வெளுத்துப் போய், மாவை இழுப்பதுபோல இரண்டு கையையும் அகட்டி அகட்டிக் காட்டினார். இழு, இழு. அங்கே கதாநாயகியின் இடுப்புப் பட்டையை மூன்று பெண்கள் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தோராஜியின் பிடரி ஒரு முறை சுருங்கி விரிந்தது.

"ஏண்டா பின்தண்டு, ஐயா தூங்கிட்டாரா, செத்துட்டாரா? செத்துட்டா கூலியை யாருடா குடுப்பா?"

இது வசனத்தில் இல்லை. மசுஜிக்குப் புரிந்துவிட்டது. ஒரு பதில் போதும். பந்தைத் திருப்பிப் போட்டால் அவன் பிடித்துக்கொள்வான். எட்டு வருஷமாகச் சத்திரத்து வாசல்களிலும் மேக்கப் அறையிலும் இப்படித்தான் பேசிச் சிரித்திருக்கிறார்கள். வாயைத் திறந்தான். கயோவின் வயிறு தெரிந்தது. சுவரிலிருந்து இறங்கும் பெயர்ப்பலகை தெரிந்தது. வாய் மூடிக்கொண்டது.

தோராஜியின் கழுத்திலிருந்து ஒரு வியர்வைத் துளி புறப்பட்டு முதுகெலும்பின் பள்ளத்தில் இறங்கியதை மட்டும் பார்த்தான்.

பிறகு தோராஜி தலையைத் திருப்பாமலே சிரித்தான். குழந்தையைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. பின்னாடி வர்றவனுக்குப் பேச்சு வராது. பொறந்ததிலேருந்தே அப்படித்தான். நல்லவன். எங்கிட்டத் தண்டாலதான் பேசுவான். ஒரு குலுக்கு குலுக்குனா ஆமா. ரெண்டு குலுக்குனா இல்லை." நடையைக் கொஞ்சம் தளர்த்தினான். "ஏண்டா, ஐயாவுக்கு உயிர் இருக்காடா?"

மசுஜி தண்டை ஒரு முறை குலுக்கினான். வலித் தோளால்தான்.

"இருக்குங்கிறான். அப்ப சரி. பெரிய வீட்டுத் துக்கம் போல. பெரியவங்க அழுதா சத்தம் வராதுடா. நாமதான் நாய் மாதிரி ஊளையிடுவோம். எங்கண்ணன் கிணத்துல விழுந்தப்ப எங்கப்பன் என்ன பண்ணான் தெரியுமா? சோத்தை அள்ளி வாயில வச்சான். மெல்லவே இல்லை. அப்படியே உக்காந்திருந்தான்."

அவனுக்கு அண்ணனே கிடையாது. ஆனால் கிணறு அந்தப் பிடரியில் இருந்தது, மெல்லாத சோறும் இருந்தது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் வாயைப் பிளந்தபடி நின்றான். மசுஜிக்கே கண் கரித்தது. ஏதோ தன் வீட்டுச் சாவு மாதிரி.

"போன மாசம் இந்த வளைவுலதான் ஒரு அரிசி வியாபாரியைக் கீழே போட்டோம்" என்று சட்டென்று திருப்பினான் தோராஜி. "என்னடா, இவரையும் போட்டுறலாமா?"

மசுஜி ஒரே குலுக்கு. வேண்டுமென்றே பலமாக. செய்ஜூரோவின் தலை குறுக்குக் கட்டையில் மடாரென்று இடித்தது.

"அடேய்!" என்று உள்ளே கர்ஜித்தார். "என் தம்பியும் இதே பாதையில்தான்டா போனான்!"

வசனம் வந்துவிட்டது. மடை திறந்தாற்போல வந்தது. அவர் முடிக்கவும் அடுத்த அரங்கில் விதவை தலைநிமிரவும் சரியாக இருந்தது.

சிவப்பு விளக்கு அணைந்ததும் மியோஷி ஓடிவந்தார். "அந்த ஊமை யாருங்க? அவனையும் கூப்பிடுங்க. ரெண்டு பேரையும் வச்சு வாராவாரம் ஒண்ணு பண்ணலாம்!" அதற்குள் மசுஜி துண்டு கட்டிய முகத்தோடு பின்வாசல் வழியாக ரயிலைப் பிடிக்கப் போயிருந்தான்.

திங்கட்கிழமை துணைநடிகர் கூடம் முழுக்க அதே பேச்சு. அட்டைப்படம் என்று சிரித்த அத்தனை பேரும் கேட்டுக்கு எதிரே நூடுல்ஸ் கடை டெலிவிஷன் முன்னால் ஞாயிறு மத்தியானம் நின்றிருக்கிறார்கள், ஒக்குதா முன்வரிசையில்.

"நடை உன் நடை மாதிரியே இருந்துச்சேடா, தவளை" என்றார் அவர்.

"என்னண்ணே, பின்தண்டு எல்லாருக்கும் ஒரே நடைதானே."

அந்த நேரம் பார்த்துத் தன் தலையணையையும் மர மிதியடியையும் எடுத்துப்போகத் தோராஜி வாசலில் வந்து நின்றான். ஒக்குதா அவனையே கேட்டார். தோராஜி மசுஜியை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அவனா? ஒசாகாப் பொடியன் அண்ணே. பயந்து வாயடைச்சுப் போயிட்டான், நான்தான் ஊமைன்னு சமாளிச்சேன். இந்த மசு மாதிரி ஒருத்தன் இருந்திருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மசுஜியும் சிரித்தான்.

ஊமை அகப்படாததால் மியோஷி தோராஜியைத் தனியாகவே போட்டார். அதற்கப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. வாராவாரம் வரும் போலீஸ்காரன், குடிகார வைத்தியன், மகளைத் தொலைத்த நீதிபதி, எல்லாம் அவன்தான். சினிமாக்காரர்கள் முறைத்துப் பார்த்தார்கள், பிறகு முணுமுணுத்தார்கள், பிறகு கும்பிட்டுக் கூப்பிட்டார்கள். விரட்டின ஸ்டூடியோவே வண்டி அனுப்பியது. அவன் ரயிலில் வந்து கேட்டுக்கு நடந்து போனான். ராஜா வேஷம் போட்டாலும் அவன் நாற்காலியில் உட்காரும்போது யாரோ அதைச் சுமக்கிறார்கள் என்பது தெரிகிற மாதிரி உட்காருவான். அதை வேறெந்த நடிகனிடமும் மசுஜி பார்த்ததில்லை. கயோ வீட்டிலே டெலிவிஷன் வாங்கியதே அவனைப் பார்க்கத்தான். "உங்க பிடரிக்காரர் வந்துட்டார்" என்று கூப்பிடுவாள்.

தலை நரைத்த பிறகு தோராஜிக்கு ஒரு பெரிய விருது கொடுத்தார்கள். பேட்டி எடுத்த பெண் கேட்டாள்: "அந்த ஊமை டோலிக்காரர் யாருங்க சார்? இன்னிக்காவது சொல்லுங்களேன்."

தோராஜி சிரித்தான். "விருதுல பாதி அவனுக்குச் சேரும்மா. பேர் சொல்லணும்னா அவன்தான் சொல்லணும்."

மசுஜி டெலிவிஷனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். ஒக்குதா செத்து வருஷங்கள் ஆயிற்று. அந்தச் சட்டமும் செத்துப்போயிற்று. ஸ்டூடியோவே இப்போது டெலிவிஷன் நாடகம் எடுத்துத்தான் பிழைக்கிறது. அன்றைக்கு வயிற்றில் இருந்த மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். பயப்பட ஒன்றுமே மிச்சமில்லை.

"போன் பண்ணுங்களேன்" என்றாள் கயோ.

"நாளைக்கு" என்றான்.

'ஏண்டா பின்தண்டு' என்று அன்றைக்கு நாடே கேட்கும்படி தோராஜி கேட்டான். அதற்கு வாய்விட்டுச் சொல்லவேண்டிய ஒரு பதிலை மசுஜி இன்னும் கடனாகவே வைத்திருக்கிறான்.