கால் சுற்றில் மூடும் குழாய்

அந்த வீட்டு மருமகள் ஒரு பிளம்பர். கட்டட வேலை நடக்கிற இடங்களில் அவளுக்கு 'ரெஞ்சு அக்கா' என்றுதான் பெயர். அவளைவிட மூத்த கொத்தனார்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் பூட்டிய இணைப்பில் பொட்டுத் தண்ணீர் கசியாது என்று பேர் வாங்கியவள். அப்படிப்பட்டவள் வீட்டு அடுப்படிக் குழாயே சொட்டினால் புருஷன் சும்மா விடுவானா?

"ஊருக்கெல்லாம் ஒழுகல் அடைக்கிறவ வீட்ல பாரும்மா, ராத்திரி பகலா சொட்டுது. வெளியில தெரிஞ்சா இவளை யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் சீண்டினான்.

மாமியார் சிரிக்கவில்லை. தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மருமகள் லீவு நாளில் குழாயைக் கழற்றி வாஷரை மாற்றினாள். மறுநாளே மறுபடியும் சொட்டு. திரும்பக் கழற்றினாள். வாஷர் புத்தம் புதுசாக இருந்தது. அது போய் உட்காரும் பித்தளை விளிம்பை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. திருகு மரையும் தேயவில்லை. பூட்டி, இறுக்கித் திருகினால் தண்ணீர் கப்சிப்பென்று நின்றது. குழாய்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

"நீதான் சரியா மூடாம விடுறியோம்மா?" என்றான் மகன்.

"ஆமா, இத்தனை வருஷமா குழாய் மூடத் தெரியாமத்தான் உன்னை வளர்த்தேன்" என்று மாமியார் வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிய மருமகள், குழாய் இணைப்பில் சுற்றுகிற டெஃப்லான் டேப்பை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினாள். அடுப்படி வாசலில் அவள் கால்கள் நின்றுவிட்டன. மாமியார் குழாய்த் தலையில் ஒரு கைத்துணியைச் சுற்றி, இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, உடம்பையே சாய்த்துத் திருகிக்கொண்டிருந்தாள். விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன. முகம் வலியில் சுருங்கியது. தண்ணீர் ஊசி கனத்துக்குக் குறைந்தது, அப்புறம் சொட்டானது. அதற்குமேல் முடியவில்லை. துணியை உருவிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, சொட்டுகிற குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தையல் மெஷினில் காலம் முழுக்கத் துணி ஓட்டி மகனை ஆளாக்கிய கைகள் அவை.

மருமகள் சத்தமில்லாமல் தெருவாசல் வரை பின்வாங்கிப் போனாள். பிறகு செருப்பைத் தரையில் தட்டி, "அத்தை, டேப்பை வெச்சுட்டுப் போயிட்டேன்!" என்று கூவிக்கொண்டே நுழைந்தாள்.

அன்று சாயங்காலம் நீளக் கைப்பிடி வைத்த குழாய்கள் வாங்கி வந்தாள். லேசாகத் தள்ளினால் போதும், கால் சுற்றில் திறந்து கால் சுற்றில் மூடும் வகை.

"நான்தான் தப்பா பார்த்துட்டேன். பழைய குழாய்ல மரை போச்சு. வீடு பூரா மாத்திடறேன்" என்றாள்.

"ஒத்துக்கிட்டா! ரெஞ்சு அக்கா ஒத்துக்கிட்டா!" என்று புருஷன் கைதட்டினான். வேறு சமயமாக இருந்தால் அவனுக்குச் சரியாகக் கிடைத்திருக்கும். அன்று அவள் புதுக் குழாய்களை எண்ணி அடுக்கினாள்.

அடுத்த லீவு நாளில், தொட்டியிலிருந்து வரும் பைப்பின் வால்வை அடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். அடுப்படிக் குழாய் சுலபமாக வந்துவிட்டது. குளியலறைக் குழாய்தான் இறுகிப்போய் அடம் பிடித்தது. சுவருக்குள் இருக்கிற எல்போ என்கிற வளைவு இணைப்பு உடைந்துவிடாமல் ஒரு ரெஞ்சால் பைப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் குழாயை மெல்ல மெல்லத் திருப்பினாள்.

"கொஞ்சம் வெளிச்சம் காட்டுங்க அத்தை" என்று டார்ச்சைத் தானே எரியவிட்டுக் கொடுத்தாள். மாமியார் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டாள்.

குழாய் கழன்றது. மாமியார் குனிந்து பார்த்தாள்.

"மரை போச்சுன்னே? நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"வெளிய தெரியாது அத்தை. உள்ளுக்குள்ள போயிருக்கும்."

"உள்ளுக்குள்ள போனது குழாய்க்கு இல்லடி."

மருமகள் புது மரையில் டேப் சுற்றுவதை நிறுத்தவில்லை. கண் மட்டும் கலங்கியது.

"அன்னைக்குப் பார்த்துட்டேதானே?"

"ம்."

"எங்கக்காவுக்கும் இப்படித்தான் ஆச்சு. 'நீ ஒண்ணும் தொடாதே, உக்காரு'ன்னு பாசமாத்தான் சொன்னாங்க. உக்காந்தவதான், அப்புறம் அவளை யாரும் எதுக்கும் கூப்பிடலை. எனக்கு அது வேண்டாம்மா."

"உங்களை உக்கார வெச்சுட்டு நானா சமைக்கிறது? ஒரு வேளை சாப்பிட்டா உங்க பிள்ளை வீட்டை விட்டே ஓடிடுவார்."

டார்ச் வெளிச்சம் சுவரில் குலுங்கியது. மாமியார் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட மட்டும் போவோம் அத்தை. நான் லீவு போட்டுக் கூட வர்றேன். உங்க பிள்ளைகிட்ட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வால்வைத் திறந்ததும் மாமியார்தான் முதலில் அடுப்படிக்குப் போனாள். புறங்கையால் கைப்பிடியைத் தள்ளினாள், தண்ணீர் கொட்டியது. திரும்பத் தள்ளினாள், நின்றது. வேடிக்கை காட்டுகிற மாதிரி இன்னும் இரண்டு தடவை திறந்து மூடினாள்.

மகன் கைகழுவ வந்தான். "இது என்ன, ஆஸ்பத்திரிக் குழாய் மாதிரி இருக்கு? சரி, இதாவது சொட்டாம இருக்குமா, இல்ல இதுக்கும் நம்ம அக்கா..."

"வாயை மூடுடா" என்றாள் அம்மா. "அவ வேலையில ஒரு குறையும் இல்லை. மூட முடியாம விட்டது நான். என் விரல் மடங்கலை."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. ஈரக் கையோடு அம்மாவின் விரல்களைப் பிடித்து, ஒவ்வொரு வீங்கிய கணுவையும் தொட்டுப் பார்த்தான்.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா என்னை மூலையில உக்கார வெச்சுடுவே."

"மாட்டேன்மா."

"பார்ப்போம்." அவள் கையை உருவிக்கொண்டு, அலமாரியிலிருந்த டப்பாவை முழங்கையால் அவன் பக்கம் நகர்த்தினாள். "முதல்ல இந்த மூடியைத் திற. ரெண்டு நாளா சர்க்கரை இல்லாத டீயைக் குடிச்சுட்டு, நல்லா இருக்குன்னு ரெண்டு பேரும் பொய் சொல்லிட்டிருக்கீங்க."