விசில் மாஸ்டரின் மூன்றாவது வழக்கு

நீச்சல்குளத்தில் அவருக்கு விசில் மாஸ்டர் என்று பெயர். பதினோரு வருடமாகக் கரையில் நின்று விசில் ஊதியே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நீந்த வைத்தவர். குரல் கணீரென்று இருக்கும். கால்சட்டையின் இஸ்திரி மடிப்பு ஒருநாளும் கலைந்ததில்லை. துணி தைத்துப் பிழைக்கும் ஒருத்திக்கு அந்த மடிப்பின் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது.

ஒரு சனிக்கிழமை அவள் மகளின் நீச்சல் கண்ணாடி ஆழமான பக்கத்தில் விழுந்து அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"மாஸ்டர், கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

அவர் நீளமான கம்பு ஒன்றைக் கொண்டுவந்து கால் மணி நேரம் தண்ணீரைக் கிண்டினார். பிறகு காவலாளியைக் கூப்பிட்டார். காவலாளி சட்டையைக் கழற்றிவிட்டுக் குதித்து, ஒரே மூச்சில் எடுத்து வந்துவிட்டார்.

அன்று மாலை பெற்றோர்களின் கைபேசிக் குழுவில் தையற்காரி ஒரே வரி எழுதினாள்: 'விசில் மாஸ்டருக்கு நீச்சல் தெரியாது.' பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கணவன் அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி நறுக்கப் போனான்.

பத்தாம் நாள் சம்மன் வந்தது. மான நஷ்ட வழக்கு.

தையற்காரியின் பெரியம்மா மகள் வக்கீல். "அக்கா, உண்மையைச் சொன்னதுக்கு கேஸா?" என்று தையற்காரி அவளிடம் அழாக்குறையாகப் போய் நின்றாள்.

"உண்மைன்னு காட்டிட்டா கேஸ் நிக்காதுடி. கண்ணைத் துடை. அந்தக் காவலாளியக் கூட்டிட்டு வா."

காவலாளி கூண்டில் ஏறிச் சொன்னார்: "மாஸ்டர் மழையில நனைஞ்சு பாத்திருக்கேங்கய்யா. குளத்துல நனைஞ்சு பாத்ததில்ல."

நீந்திக் காட்ட முடியுமா என்று நீதிபதி மாஸ்டரைக் கேட்டார். கரையில் நின்று கற்பிப்பதே தன் கொள்கை என்றார் மாஸ்டர். அவள் சொன்னது உண்மைதான் என்று எழுதி நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார்.

மாஸ்டர் அசரவில்லை. அதே வரியைக் கடைக்கு வந்த வாடிக்கையாளரிடமும் அவள் சொன்னாளாம். வேறொரு நீதிமன்றத்தில் இரண்டாவது வழக்கு. எட்டு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைப் பூட்ட வேண்டியிருந்தது. பள்ளிச் சீருடைகள் கை இல்லாமலும் காலர் இல்லாமலும் மலைபோல் குவிந்தன. அதுவும் தள்ளுபடியானது. ஆனால் புகார் என்னவென்று ஒவ்வொரு முறையும் மன்றத்தில் உரக்கப் படித்தாக வேண்டுமே! விவாகரத்துக்கு வந்தவர்கள், வாடகைத் தகராறுக்கு வந்தவர்கள், டீ கொண்டுவந்தவர் என்று எல்லாருக்கும் மாஸ்டரின் சங்கதி தெரிந்துபோயிற்று.

மூன்றாவது வழக்கு கணவன் மேல். கட்டைவிரலுக்காக.

மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாகத் தூது வந்தது. தையற்காரி சோர்ந்து போயிருந்தாள். "கேட்டுத் தொலைச்சிடுவோமாங்க?"

கணவன் பேசுவதே அபூர்வம். "நான் காட்டுனது காட்டுனதுதான்" என்றான்.

இந்த முறை அக்கா சாட்சி யாரையும் கூப்பிடவில்லை. முந்தைய இரண்டு தீர்ப்புகளையும் மேஜையில் வைத்தாள். "ஐயா, மாஸ்டருக்கு நீச்சல் தெரியுமா தெரியாதாங்கிறதை ரெண்டு நீதிமன்றம் விசாரிச்சு முடிச்சாச்சு. ஆளை மாத்தி, இடத்தை மாத்தி அதையே திரும்பத் திரும்பக் கேட்டா, இவங்க எப்பத்தான் தைக்கிறது?"

மாஸ்டர் துள்ளி எழுந்தார். அவருடைய வக்கீல் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "விஷயம் மாறிடுச்சுங்கய்யா! எனக்கு இப்ப நீச்சல் தெரியும்! நாலு மாசமா கத்துக்கிட்டிருக்கேன்!"

"யாருகிட்ட?" என்றாள் அக்கா.

"காவலாளிகிட்ட."

"அப்ப அன்னைக்குத் தெரியாது?"

மாஸ்டர் கழுத்தில் இல்லாத விசிலைத் தேடினார். அவருடைய வக்கீல் கோப்பைக் கட்டத் தொடங்கினார். மன்றத்தில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தீர்ந்துபோன விஷயத்தை வேறு பெயரில் மறுபடி கிளப்பக் கூடாது, இது சம்பந்தமாக இனி யார் மேல் வழக்குப் போடுவதானாலும் முன்கூட்டியே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று உத்தரவானது. தையற்காரி அன்று மதியமே கடையைத் திறந்து பதினேழு காலர் வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை மகளோடு குளத்துக்குப் போனாள். மாஸ்டர் தண்ணீருக்குள் இருந்தார். ஆழமான பக்கத்திலேயே, அகலவாக்கில், வயதான தவளை போல அடித்துப் பிடித்து அக்கரை சேர்ந்தார். அவள் கரையோரம் வந்து நின்று பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயதில் இதற்கும் ஒரு துணிச்சல் வேண்டுமே.

"பாத்தீங்கல்ல? சொல்லுங்க எல்லாருக்கும்" என்றார் மூச்சிரைக்க.

அவள் பெஞ்சில் இருந்த அம்மாக்களைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "இப்ப மாஸ்டருக்கு நீச்சல் தெரியும்!"

எல்லாரும் கைதட்டினார்கள். மாஸ்டரின் முகம் மலர்ந்து, பாதியில் நின்றது.

"அந்த 'இப்ப' எதுக்கும்மா?"

"அதை எடுக்கணும்னா கோர்ட்டுல அனுமதி வாங்கிட்டு வாங்க, மாஸ்டர்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டார். மூச்சை நன்றாகவே அடக்கினார். மேலே வந்த குமிழிகளைப் பார்த்தால் உள்ளே என்னவோ நீளமாகப் பேசிக்கொண்டிருப்பது போலிருந்தது.